சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

போன புதன்கிழமை என் லேபுக்கு ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். மதுரை காளவாசலில், ஆவணி வெயிலில், டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறி... டை! பாவம், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“மேடம், உங்க ரெக்வயர்மென்ட் என்னன்னு சொல்லுங்க. அதுக்கேத்த மாடல் நம்மகிட்ட இருக்கு” என்றார்.

என் ரெக்வயர்மென்ட் என்ன? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் காபியோடு சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தொழில் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக — நான் ஒரு பேத்தாலஜிஸ்ட். சர்ஜன் உங்கள் உடம்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார். அது கேன்சரா, இல்லையா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதே அபூர்வம். பெயர், வயசு, ஒரு நம்பர்... அவ்வளவுதான். முகம் தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் வந்த சதையை அப்படியே கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட முடியாது. ஈரச் சதையை மெல்லிசாகச் சீவ வருமா? கொழகொழவென்று நழுவும். அதனால் முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்து உள்ளே இருக்கிற தண்ணீரை எடுக்க வேண்டும். பிறகு சைலீன் என்கிற திரவத்தில் போட்டு அந்த ஆல்கஹாலை எடுக்க வேண்டும். கடைசியில் உருகிய மெழுகில் முக்கினால், மெழுகு உள்ளே இறங்கிக் கெட்டியாகும். அப்புறம்தான் சீவல், சாயம், மைக்ராஸ்கோப் எல்லாம். மணிக்கணக்காக நடக்கிற இந்த ஊறவைக்கும் வேலையைச் செய்கிற மெஷினுக்குப் பெயர் டிஷ்யூ பிராசஸர். டை கட்டியவர் விற்க வந்தது அதைத்தான்.

எங்களிடம் இருப்பது பழைய ரகம். வட்டமாகப் பன்னிரண்டு ஜாடி, நடுவில் ஒரு கை. சதைத் துணுக்குகள் இருக்கும் கூடையை அந்தக் கை ஒவ்வொரு ஜாடியாகத் தூக்கித் தூக்கி இறக்கும். கடைசி இரண்டு ஜாடியில் மெழுகு. மெழுகு உருகுவதற்குத் தனி ஹீட்டர், தனி சுவிட்ச். ஹீட்டர் ஓடினால் பக்கத்தில் சுண்டைக்காய் சைசில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் என் பெயரில் இருந்தாலும் அந்த மெஷினுக்கு உண்மையான சொந்தக்காரர் பாண்டியம்மாள்தான். என் சீனியர் டெக்னீஷியன். பத்தொன்பது வருஷமாக என் கோபத்தைத் தாங்கிக்கொண்டு இருக்கிறார். மெஷினின் சத்தம் லேசாக மாறினால் கீழே டீக்கடையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடிப்பேன். “அம்புட்டெல்லாம் இல்ல டாக்டரம்மா” என்று கூச்சப்படுவார்.

இப்போது போன வருஷத்து ஆயுத பூஜைக்குப் போக வேண்டும். போக மனசில்லைதான். ஆனாலும்...

எங்கள் லேபில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. காலையிலேயே எல்லா மெஷினையும் ஆஃப் செய்துவிடுவோம். அன்று அதுகளுக்கு லீவு. மைக்ராஸ்கோப், சதை சீவுகிற கத்தி, ஃப்ரிட்ஜ், ஏசி ரிமோட் — எல்லாவற்றுக்கும் பொட்டு. அவல், பொரி, கடலை, வாசலில் வாழைக்கன்று. பொட்டு வைக்கிற டிபார்ட்மென்ட் என்னுடையது. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். ஒரு வருஷம் பாண்டியம்மாளின் டிபன் பாக்ஸுக்குக்கூட வைத்திருக்கிறேன்.

டிஷ்யூ பிராசஸரில், பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி, வாகாக, வட்டமாக, லேசாகப் புடைத்துக்கொண்டு ஓர் இடம் இருந்தது. சந்தனத்தை அப்பினேன். மேலே குங்குமத்தை வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, விஜயதசமி. பாண்டியம்மாள் தன் தங்கச்சி மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போக வேண்டும் என்று மதியம் வரை பர்மிஷன் கேட்டிருந்தார். போகிற வழியில் லேபுக்கு வந்து மெஷினின் மெயினை மட்டும் ஆன் செய்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

“டாக்டரம்மா, ரெண்டையும் சேத்துப் போட்டா ஃபியூஸ் போயிருது. கொஞ்சம் கழிச்சு மெழுகு சுவிட்ச மட்டும் நீங்க போட்டுருங்க. உருக நாலஞ்சு மணி நேரம் ஆகும்ல. சிவப்பு லைட்டு எரியுதான்னு பாத்துக்கங்க. நான் சாயந்தரம் வந்து கூடைய ஏத்திர்றேன்.”

“சரி சரி, போயிட்டு வாங்க” என்றேன்.

பத்து மணிக்கு லேபுக்குப் போனேன். கையில் இன்னொரு போன் கால். கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். சிவப்பாகத் தெரிந்தது. அட, பாண்டியம்மாளே போட்டுவிட்டுப் போயிருக்கிறார் போல... என்று நினைத்துக்கொண்டு என் ரூமுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மெழுகு?”

“எரியுது, எரியுது” என்றேன் நான், தலையை நிமிர்த்தாமல்.

பத்தொன்பது வருஷத்தில் என் வார்த்தையை அவர் சந்தேகப்பட்டதில்லை. ஒன்பது பேருடைய துணுக்குகளைக் கூடையில் ஏற்றி, பட்டனைத் தட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்கக் கூடை கடைசி மெழுகிலேயே கிடக்கும். திங்கள் காலை எடுப்போம். எப்போதும் அப்படித்தான்.

திங்கள் காலை அவர் மூடியைத் திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். மெழுகு கல் மாதிரி உறைந்து கிடந்தது. கூடை உள்ளே இறங்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஞாயிறு முழுக்கக் காற்றில். துணுக்கெல்லாம் காய்ந்து சருகாகியிருந்தது.

பாண்டியம்மாள் விரலால் அந்தப் பொட்டைத் துடைத்தார். கீழே விளக்கு... அணைந்துதான் இருந்தது.

“நான் மூடியத் தொறந்து பாத்திருக்கணும் டாக்டரம்மா. ஏந்தப்புதேன்” என்று அழுதார். பொட்டு வைத்தது நான். எட்டிப் பார்த்தது நான். ‘எரியுது’ என்றது நான். அழுதது அவர். நான் அப்போது அழவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் — யார் யாருக்கு டப்பாவில் மிச்சம் இருக்கிறது?

எட்டுப் பேருக்கு இருந்தது. பெரிய கட்டிகள், கர்ப்பப்பை, பித்தப்பை. திரும்பவும் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். ஒன்பதாவது ஆளுக்கு இல்லை.

செல்லமணி, வயசு நாற்பத்தொன்று. சோழவந்தான் பக்கம். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.) மார்பில் கட்டி. தடித்த ஊசியை உள்ளே விட்டு நாலு துணுக்கு எடுத்திருந்தார் சர்ஜன். ஒவ்வொன்றும் சேமியா அளவு. அவ்வளவு சின்னதாக வந்தால் மிச்சம் வைப்பதில்லை. நாலையும் போட்டிருந்தோம்.

காய்ந்ததை மறுபடி ஊறவைக்க ஒரு வழி உண்டு. இரண்டு நாள் மெனக்கெட்டோம். சீவினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தப்பித்த ஒன்றிரண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மழையில் நனைந்த பேப்பரில் மை பரவியது போல எல்லாம் மசமசவென்று. கேன்சர் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இங்கேதான், வாசகர்களே, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வசதியான வரி இருக்கிறது. ‘போதிய திசு இல்லை. மறுபடி பயாப்ஸி தேவை.’ சட்டப்படி ஒரு தப்பும் கிடையாது. படிக்கிறவருக்கு, எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை போல என்று தோன்றும். லேபை யாரும் கேட்க மாட்டார்கள். ரிப்போர்ட்டில் அந்த வரியை டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். சர்ஜன் போனில், “நாலு பீஸ் நல்லாத்தானே எடுத்தேன்” என்று இழுத்தபோது, “ரொம்பச் சின்னதா இருந்துச்சு சார்” என்றேன். வெட்கமில்லாமல்.

ரிப்போர்ட்டை வாங்க வந்தவர் செல்லமணியின் கணவர் கருப்பையா. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். கவுன்ட்டரில் இருந்த பெண் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர் நகரவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாராம். போனேன்.

“பத்தலன்னு போட்டிருக்காமே... எம்புட்டு வேணும் டாக்டரம்மா?” என்றார்.

“இன்னொரு தடவை அதே மாதிரி எடுத்தாப் போதும்” என்றேன்.

“இதுக்கே அவ சம்மதிக்கல. கத்தி, ஊசி எது பட்டாலும் பரவிரும்னு ஊருல எல்லாரும் சொல்றாக. ஒரே ஒரு தடவதேன்னு சத்தியம் பண்ணிக் கூட்டியாந்தேன்” என்றார். ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர்கள் திரும்பி வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி... நானும் தேடவில்லை. போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துப் பார்த்தேன். வேறு எங்காவது பெரிய லேபில் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுஷ மனசுக்கு இந்த வேலை எவ்வளவு சுலபமாக வருகிறது!

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், ஒரு ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பு, கேன்சர், சந்தேகமே இல்லை. கூடவே அக்குளில் எடுத்த நெறிகட்டி — அதிலும் பரவியிருந்தது. ரிப்போர்ட் அடிக்கப் பெயரைப் பார்த்தேன். செல்லமணி. சோழவந்தான் பக்கம்.

கட்டி தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்த பிறகுதான் வந்திருக்கிறார்கள். ஸ்கேனில் எலும்பிலும் இருப்பதாகச் சர்ஜன் சொன்னார். “ஒரு ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டேன். அன்று மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. அழுகை அன்றுதான் வந்தது.

முதலில் வந்திருக்க வேண்டிய அழுகை அது.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். பழைய மெஷினை மாற்றியே ஆக வேண்டும் என்று நானும் பாண்டியம்மாளும் முடிவு செய்து, டை கட்டியவரை வரச் சொல்லியிருந்தோம். லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். புது ரகத்தில் ஜாடிகள் கிடையாது. கூடை நகரவே நகராது. மூடிய ஒரே பெட்டி. ஆல்கஹால், சைலீன், மெழுகு எல்லாம் குழாய் வழியாக வந்து வந்து போகும். நாற்றம் வராது. இருநூறு துணுக்கு, முந்நூறு துணுக்கு. டச் ஸ்க்ரீன்.

நான் டச் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் கேள்விகளை ஆரம்பித்தார்.

“கரண்டு போனா?”

“பேட்டரி பேக்கப் இருக்கு மேடம்.”

“பேட்டரியும் போனா சதை எதுல கெடக்கும்? காத்துலயா, தண்ணியிலயா?”

அவர் கொஞ்சம் யோசித்து, “சேஃப் ரீஏஜென்ட்ல, அதாவது ஆல்கஹால்ல நிறுத்திடும்” என்றார்.

“மெழுகு கொழாய்க்குள்ள உறைஞ்சுபோனா யாரு வந்து எடுப்பா?”

“எங்க சர்வீஸ் இன்ஜினியர் கோயமுத்தூர்ல இருக்கார்.”

“அவுக வர எம்புட்டு நேரமாகும்?”

“மேக்ஸிமம் நெக்ஸ்ட் டே.”

“தீபாவளிக்கு மறுநா? அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு? அன்னைக்கு ஊருக்குள்ள ஒரு வண்டி நுழைய முடியாதுண்ணே.”

டைக்காரர் டையைத் தளர்த்தினார். பாண்டியம்மாள் விடவில்லை. “கடைசியா ஒண்ணு. மெழுகு உருகலன்னா இது என்ன செய்யும்?”

“ஸ்டார்ட்டே ஆகாது மேடம். அலாரம் அடிக்கும். உங்க மொபைலுக்கு மெசேஜ் வரும்” என்றார் அவர் தெம்பாக. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாதல்லவா? பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “ஒவ்வொரு ஸ்டெப்பும் டைமோட ரெக்கார்ட் ஆகும் மேடம். ஏதாவது எரர் வந்தா அதுவும். ஆனா கவலைப்படாதீங்க. அட்மின் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கும். பிரின்ட்ல எது வரணும், எது வேண்டாம்னு நீங்களே செலக்ட் பண்ணிக்கலாம். நிறைய டாக்டர்ஸ் இந்த ஃபீச்சரைத்தான் விரும்பறாங்க.”

நான் டச் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு கருப்பையா வந்தார். அதே மஞ்சப்பை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். இன்சூரன்ஸ் கார்டு ஆபீசில், ரெண்டாவது ரிப்போர்ட்டின் நகலில் என் கையெழுத்தும் சீலும் கேட்டிருக்கிறார்களாம். உட்காரச் சொன்னேன். செல்லமணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“பெரியாஸ்பத்திரில ஊசி போடுறாக. இருக்கா. சோறு எறங்க மாட்டேங்குது” என்றார். பிறகு அவராகவே சொன்னார். “உங்க மேல ஒரு குத்தமும் இல்ல டாக்டரம்மா. நீங்க அப்பவே திரும்ப எடுக்கணும்னு எழுதிக் குடுத்தீக. நாங்கதேன் கேக்கல. ‘பத்தலன்னா இன்னும் பெருசா வெட்டப் போறாக, நான் வரமாட்டேன்’னு அவ அழுதா. நானும் விட்டுட்டேன். வம்படியா இழுத்துட்டு வந்திருக்கணும். அவுக அண்ணே இப்ப என்கிட்டப் பேசுறதில்ல. ‘என் தங்கச்சியக் கொன்னுட்டியே மாப்ள’ங்கறாரு. சித்திரையிலருந்து வீட்டுல இதே சண்டதேன். நீ வரலன்னு நான் சொல்ல, நீங்க கூட்டிட்டுப் போகலன்னு அவ சொல்ல...”

என் கையில் சீல் இருந்தது. குத்தியிருக்கலாம். குத்திக் கொடுத்திருந்தால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

சீலைக் கீழே வைத்தேன். “கருப்பையா, உங்க வீட்டம்மா குடுத்தது பத்தாம இல்ல. பத்துச்சு. நாங்கதான் கெடுத்துட்டோம்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, விளக்கு, பொட்டு, எட்டிப் பார்த்தது, அந்த வரி. டைக்காரர் லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடினார். பாண்டியம்மாள் சுவரோரம் போய் நின்றுகொண்டார். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்துதானா பத்து மாசம்?

கருப்பையா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். அவர் மெஷின் பக்கம் திரும்பினார்.

“மெசினு கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா மறுநாளே கூட்டியாந்திருப்பேனே டாக்டரம்மா” என்றார் மெதுவாக. “எங்க கெணத்து மோட்டாரு வருசத்துக்கு ரெண்டு தடவ எரியுது. காயில் கட்டி மறுபடி ஓட்டுறோம். மோட்டார்க்காரன் மேல சண்டைக்கா போறோம்? மெசினுன்னா கெடத்தேன் செய்யும். அது எங்களுக்குப் புரியாதா?”

அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேன், பாருங்கள்... இருபத்தெட்டு வருஷ அனுபவம், சுவர் நிறையச் சர்ட்டிஃபிகேட்!

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “இத அவகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. தப்பிக்கப் பேசுறேன்னு நெனப்பா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாண்டியம்மாளும் கூடவே வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கொடிக்காலை ஒட்டி ஓட்டு வீடு. முன் ரூமில் நைலான் கட்டிலில் செல்லமணி படுத்திருந்தார். தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தார். என்னை யார் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் சதையைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அவரை இல்லை.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கருப்பையாவிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. செல்லமணி குறுக்கே பேசாமல் கேட்டார். பொட்டு வைத்த இடம் வந்ததும் பாண்டியம்மாள் அவசரமாக, “சாமி கும்புடயில நடந்தது அக்கா... யாரும் வேணும்னு செய்யல” என்றார்.

“பொட்டு வச்சத விடுங்க. அது தெரியாமச் செஞ்சது” என்றார் செல்லமணி. குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது. “பத்தலன்னு எழுதுனீகளே... அது தெரிஞ்சு செஞ்சதுதான?”

“ஆமா” என்றேன்.

“அப்ப என் உடம்பு மேலயும் குத்தம் இல்ல. இவுக மேலயும் இல்ல.”

“இல்ல.”

கணவர் பக்கம் திரும்பினார். “கேட்டீகளா?” என்றார். கருப்பையா தலையை மட்டும் ஆட்டினார். “எங்க அண்ணனுக்குப் போனப் போடுங்க. டாக்டரம்மாவே சொல்லட்டும். ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டார். மூன்றாவது முறையாகச் சொன்னேன், அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. நான் முடித்ததும் அண்ணன்காரர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தனையும் எனக்கு உரியதுதான். கடைசியில் குரல் உடைந்து, “மாப்ள... பக்கத்துல இருக்கீகளா மாப்ள?” என்றார். கருப்பையா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சட்டையால் கண்ணைத் துடைப்பது முதுகில் இருந்தே தெரிந்தது.

எழுந்திருக்கப் போனேன். செல்லமணி விடவில்லை. தலைமாட்டில் இருந்த மஞ்சப்பையைப் பாண்டியம்மாளிடம் காட்டினார். அதில் என் பழைய ரிப்போர்ட், மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது.

“வாயால சொன்னது நாளைக்கு இருக்காது. இதுலயே மாத்தி எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. ஊர் பேரோட எழுதுங்க. நாளப்பின்ன என் பிள்ளைங்க எடுத்துப் படிச்சா, அப்பன்தேன் அம்மாவக் கூட்டிட்டுப் போகலன்னு நெனச்சுறக் கூடாது.”

கட்டில் விளிம்பில் வைத்து எழுதினேன். ‘சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்த செல்லமணி அன்று கொடுத்த திசு போதுமானதாக இருந்தது. அது எங்கள் லேபில், என் தவறால் கெட்டுப்போனது. அவரோ அவர் குடும்பத்தினரோ இதற்குப் பொறுப்பில்லை.’ கையெழுத்து, தேதி. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ‘என் தவறால்’ என்று எழுதியது இதுதான் முதல் தடவை. அவர் அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஒரு தடவை முழுக்க வாசித்தார்.

“இப்பச் சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இங்கேயும் ஊர் பெயரை மாற்றாதது அவர் அப்படிக் கேட்டதால்தான். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது? நோய் எந்த அளவில் இருக்கிறது என்று எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஸ்லைடு என் மேஜையில்தானே இருக்கிறது.

திங்கட்கிழமை டைக்காரருக்கு போன் செய்தேன். பாண்டியம்மாள் தேர்ந்தெடுத்தது பெரிய மாடல் இல்லை, நடுத்தரம். மெழுகு உருகாவிட்டால் வேலையை ஆரம்பிக்கவே மறுப்பது. தப்பு நடந்தால் கீழே டயர் கடை வரைக்கும் கேட்கும்படி கத்துவது. மதுரையிலேயே ஓர் ஆளைப் பழக்கி வைப்பதாக அவர் எழுத்தில் கொடுத்தும்விட்டார். மனுஷர் இந்த முறை ஃபீச்சர் எதையும் புகழவில்லை. எல்லாம் பேசி முடித்து, “பாஸ்வேர்டு மட்டும் உங்க நம்பருக்கு அனுப்பிடறேன் மேடம்” என்றார், பழக்க தோஷத்தில்.

“அத எங்க லேப்ல யாருக்கும் தராதீங்க” என்றேன். “முக்கியமா எனக்கு.”